உறையூர்ச் சூளையும் கண்ணாடிப் பூச்சும்

மட்கலத்தின் மேல் குழம்பாகப் பூசப்பட்டு, சூளையின் வெப்பத்தில் உருகி, ஆறும்போது கண்ணாடியாக இறுகிக் கலத்தோடு ஒன்றிவிடும் படலத்தை மட்பாண்டத் தொழிலில் இன்று ‘கிளேஸ்’ என்கிறார்கள். தமிழில் அதைக் கண்ணாடிப் பூச்சு எனலாம். ஈரம் காயாத பாண்டத்தைக் கூழாங்கல்லால் தேய்த்துப் பெறும் மெருகும், சுடுவதற்கு முன் பூசும் காவிமண் குழம்பும் பார்வைக்குப் பளபளத்தாலும் இந்த வகையில் சேரா. அவை உருகிக் கண்ணாடியாவதில்லை, நீர்க்கசிவை முற்றாகத் தடுப்பதுமில்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டு திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் வட்டாரத்தின் மட்கல வரலாற்றைப் பார்த்தால், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பானை புழங்கிவந்த ஒரு நிலப்பகுதியில் கண்ணாடிப் பூச்சு வேர்கொள்ளவே இல்லை என்பது தெரியவரும். அறியாமையால் நேர்ந்த குறை என்று இதை ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அகழாய்வில் கிடைத்த ஓடுகளும், சூளையின் இயல்பும், பானைகள் புழங்கிய அடுக்களைகளும், கோயில் மடைப்பள்ளியும் அந்த முடிவுக்கு இடம் தரவில்லை. காவிரிக்கரைக் குயவர் தம் கலத்திடம் எதிர்பார்த்த பணிகளில் பெரும்பாலானவற்றை இந்தப் பூச்சு கெடுத்துவிடும் என்பதே அவை சொல்லும் செய்தி.

இன்று திருச்சிராப்பள்ளி மாநகரின் ஒரு பகுதியாகிவிட்ட உறையூர், சங்ககாலச் சோழரின் தலைநகர். மண்மாரி பெய்து அந்நகர் அழிந்தது என்று தலபுராணக் கதை சொல்கிறது; அந்த மண்ணை முறையாக அகழ்ந்து பார்த்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் அறிஞர்கள். 1965 முதல் 1969 வரை நடந்த அகழாய்வின் அறிக்கையை கே.வி. ராமன் 1988இல் வெளியிட்டார். பழமையான அடுக்கில் கருப்பு-சிவப்புக் கலங்களும், செங்காவி பூசி வெண்ணிறக் கோடுகள் தீட்டிய கலங்களும், உட்புறத்தில் சிறு பற்சக்கரத்தை உருட்டிக் கோலம் பதித்த ‘ரௌலட்டட்’ வகைத் தட்டுகளும், தமிழ்-பிராமி எழுத்துகள் கீறிய ஓடுகளும் கிடைத்தன. செங்கல்லால் கட்டிய சாயத்தொட்டி ஒன்றும் வெளிப்பட்டது. கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்க வணிக நூலான பெரிப்ளூஸ், ‘அர்கரு’ என்னும் ஊரின் மெல்லிய துணிகளைப் பற்றிச் சொல்வதையும், அந்த ஊரை உறையூர் என அறிஞர் பலர் கொள்வதையும் நோக்க, இந்தத் தொட்டிக்குத் தனி மதிப்பு உண்டு. துணிக்கு நிறமேற்றும் வேதியியல் கைவந்த ஊரில் மண்ணுக்கு நிறமேற்றும் வேதியியலும் சிறப்பாகவே நடந்திருக்கிறது.

கருப்பு-சிவப்புக் கலம் இதற்குச் சரியான சான்று. ஒரே பானையின் வெளிப்புறம் சிவந்தும், உட்புறமும் வாய்விளிம்பும் கறுத்தும் இருக்கும் இந்த வகை, நிறம் பூசி உண்டாக்கப்பட்டதன்று. களிமண்ணில் இயல்பாகவே கலந்துள்ள இரும்பு, தாராளமாகக் காற்றுப் படும் இடத்தில் ஆக்சிஜனோடு சேர்ந்து சிவப்பாகிறது. காற்றுப் புகாத இடத்தில், எரியாத கரியின் நடுவே, ஆக்சிஜனை இழந்து கறுப்பாகிறது, புகைக்கரியும் மண்ணின் நுண்துளைகளில் படிந்து அந்தக் கறுப்பை ஆழமாக்குகிறது. பானையைக் கவிழ்த்து வைத்து, உள்ளே வைக்கோல், உமி போன்றவற்றை அடைத்துச் சுட்டால் இரண்டு வினைகளும் ஒரே நேரத்தில், ஒரே கலத்தில் நடக்கும். சூளைக்குள் காற்றை எங்கே விடுவது, எங்கே தடுப்பது என்னும் இந்த அறிவு சாதாரணமானதல்ல. பிற்காலத்தில் சீனத்திலும் கொரியாவிலும் உருவான புகழ்பெற்ற பச்சைப் பூச்சுக் கலங்களின் நிறமும் இதே அறிவின் மேல்தான் நின்றது. சோழ வேந்தன் கிள்ளிவளவன் குளமுற்றத்தில் இறந்தபோது ஐயூர் முடவனார் பாடிய புறநானூற்றின் 228ஆம் பாட்டு, அத்தனை பெரிய வேந்தனைக் கவிக்கும் தாழியை எப்படி வனையப்போகிறாய் என்று மூதூர்க் குயவனைக் கேட்கிறது. அவனது சூளையிலிருந்து இருள் திரண்டதுபோல் வானத்தில் எழும் புகையையும் அது மறவாமல் குறிக்கிறது. துயரத்தின் நிறமாகப் புலவர் கண்ட அந்தக் கரும்புகை, காற்றைக் குறைத்துச் சுடும் சூளையின் அடையாளமும் ஆகும்.

ரௌலட்டட் தட்டுகள் இன்னொரு எல்லையைக் காட்டுகின்றன. 1945இல் அரிக்கமேட்டை அகழ்ந்த மார்டிமர் வீலர் இவற்றை மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்தவை என்று கருதினார். பின்னர் நடந்த வடிவ ஆய்வுகளும் மண்ணின் கனிமச் சோதனைகளும் இவை இந்தியாவிலேயே செய்யப்பட்டவை என்ற முடிவுக்கு இட்டுச்சென்றன. களிமண்ணை நீரில் கரைத்து, பருமணல் அடியில் தங்கியபின் மேலே மிதக்கும் மிக நுண்ணிய வண்டலை மட்டும் இறுத்தெடுத்துப் பூசினால், அந்த மென்படலம் சூட்டில் ஓரளவு இளகி நெருங்கிப் பளபளப்பாகும். இத்தாலியிலிருந்து அரிக்கமேட்டுக்கு வந்த ‘அரெட்டைன்’ செங்கலங்களின் பளபளப்பும் இதே முறையால் வந்ததுதான். அதாவது, ரோமானியர் இங்கே கொண்டுவந்த அந்தச் சிறந்த மேசைக்கலங்கள்கூடக் கண்ணாடிப் பூச்சு ஏறியவை அல்ல. ஆகவே உறையூரின் மேசையில் இருந்த உள்நாட்டுத் தட்டும் கடல்கடந்து வந்த தட்டும் தொழில்நுட்பத்தில் ஒரே படியில் நின்றன எனலாம்.

அடுத்த படிக்கு ஏறுவதற்கு வேண்டியவை எவை? கண்ணாடியின் உடல் சிலிக்கா, அதாவது வெண்மணலிலும் படிகக்கல்லிலும் உள்ள பொருள். அது தனியாக உருக ஏறத்தாழ 1,700 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். எந்தக் குயவர் சூளையும் அந்த வெப்பத்தை எட்டாது. எனவே உருகுநிலையைக் கீழே இழுக்கும் இளக்கிகள் சேர்க்கப்படுகின்றன: சோடா, பொட்டாஷ், சுண்ணாம்பு, ஈயம் ஆகியவை முக்கியமானவை. உருகிய குழம்பு பாண்டத்தின் மேலிருந்து வழிந்து ஓடிவிடாதபடி அதைக் கெட்டியாக்க அலுமினாவும் வேண்டும். அது களிமண்ணிலேயே இருக்கிறது. ஈயத்தை இளக்கியாகக் கொண்டால் 900 முதல் 1,050 பாகைக்குள் பூச்சு உருகிவிடும். மரச்சாம்பலையும் சுண்ணாம்பையும் கொண்டால் 1,200 பாகைக்கு மேல் போக வேண்டும். வைக்கோல், சுள்ளி, வறட்டி ஆகியவற்றைப் பாண்டங்களோடு அடுக்கி, மேலே மண் மெழுகி எரிக்கும் காவிரிக்கரைச் சூளையில் கிடைப்பது பொதுவாக 700 முதல் 850 பாகைதான். மூன்றுபோகம் விளைந்த நெல்வெளிகளுக்கு நடுவே வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வைக்கோல் குபீரென்று எரிந்து அடங்கிவிடும், மணிக்கணக்கில் நின்று எரியும் விறகைத் தரும் காடு ஆற்றுச் சமவெளியில் கிடையாது. சீனத்தின் தெற்கு மலைச்சரிவுகளில் நீண்ட ஏறுசூளைகள் வளர்ந்ததற்கும் இங்கே வளராததற்கும் காடும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு.

பூச்சேறிய கலங்களைத் தமிழர் கண்டதில்லை என்று சொல்லவும் முடியாது. அண்டையிலுள்ள கேரளத்தின் பட்டணம் அகழாய்வில், மேற்கு ஆசியாவிலிருந்து வந்த நீலப்பச்சைக் கண்ணாடிப் பூச்சுடைய கலங்களின் ஓடுகள் கிடைத்துள்ளன. 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சோழர் சீனத்துக்குத் தூது அனுப்பினர். அந்தக் காலத் தொடர்பின் சான்றாகக் கங்கைகொண்ட சோழபுரத்தின் மாளிகைமேட்டில் சீனக் கலங்களின் ஓடுகள் அகப்பட்டன. பாண்டிநாட்டுக் கடற்கரையில் பெரியபட்டினத்தில் நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1980களில் சீனப் பச்சைக் கலங்களையும் நீல-வெள்ளைப் பீங்கானையும் ஏராளமாகக் கண்டெடுத்தனர். இந்தப் பச்சைக் கலங்களின் நிறம் எதனால் வந்தது என்பதை அறியும்போது வியப்பு மேலிடுகிறது: பூச்சில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே உள்ள இரும்புதான் அது. திருவரங்கத்துப் பானையைச் செம்மையாக்கும் அதே இரும்பு, கண்ணாடிக்குள் கரைந்து, காற்றுக் குறைந்த சூளையில் 1,250 பாகை அளவில் வெந்தால் கடல்நீரின் பச்சையாகிறது. காற்றோட்டத்தில் வெந்தால் தேன்நிறமாகிறது. அளவு கூடினால் கறுக்கிறது. காற்றை ஆளும் அறிவும் இரும்புமண்ணும் உறையூரில் முன்பே இருந்தன. இல்லாதவை உயர்ந்த வெப்பமும் இளக்கியைச் சேர்க்கும் பழக்கமும் ஆகும். இவ்விரண்டையும் தேடிச் செல்லத் தூண்டும் தேவை எழவில்லை.

தேவை எழாமைக்குக் காரணம் அடுக்களையில் இருக்கிறது. பங்குனி, சித்திரை வெயிலில் திருச்சிராப்பள்ளியில் ஒரு பானைத் தண்ணீர் குளிர்ந்திருப்பதற்கு அதன் சுவர் நீரை மெல்லக் கசியவிடுவதே காரணம்; கசிந்த நீர் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. கண்ணாடிப் பூச்சு ஏறிய பானையில் ஊற்றிய நீர் அறையின் சூட்டிலேயே நிற்கும். அடுப்பில் ஏறும் சோற்றுப்பானைக்கும் இதே நிலைதான். மணல் கலந்து, குறைந்த வெப்பத்தில் வெந்த மண், நெருப்பு நேராகப் படும்போது விரிந்து கொடுக்க அதன் நுண்துளைகள் உதவுகின்றன. இறுகிய கண்ணாடியோ மண்ணோடு ஒத்த அளவில் விரியாமல் வெடித்து உதிரும். தண்ணீர்ப்பானைக்கும் சோற்றுப்பானைக்கும் பூச்சு பகையானால், குயவர் வீட்டு வருவாயில் பெரும்பகுதிக்கு அது பகை என்றாகும்.

திருவரங்கம் கோயில் இந்தக் காரணத்தோடு இன்னொன்றையும் சேர்க்கிறது. அரங்கநாதருக்குத் தளிகை, அதாவது படைக்கப்படும் உணவு, நாள்தோறும் புதிய மண்பானைகளிலேயே சமைக்கப்படுவது அக்கோயிலின் நெடுநாள் மரபு. உலோகப் பாத்திரத்தைத் துலக்கி மீண்டும் பயன்படுத்தலாம். மண்பாத்திரம் தான் ஏற்றதை உள்ளே உறிஞ்சிக்கொள்வதால் கழுவினால் தூய்மையாகாது, மறுபடி நெருப்பில் சுட வேண்டும் அல்லது கழித்துவிட வேண்டும் என்பது தரும சாத்திரங்களின் கருத்து. இதில் நம்பிக்கையோடு பொருளறிவும் சேர்ந்திருக்கிறது. நுண்துளைகளில் தங்கும் நெய்யும் பருப்பும் புளித்து நாறும் என்பதைச் சமையற்காரர் எவரும் அறிவர். ஆனித் திங்கள் ஜேஷ்டாபிஷேகத்துக்குக் காவிரி நீரைத் தங்கக்குடத்திலும் வெள்ளிக்குடங்களிலும் கொண்டுவரும் அதே கோயில், அன்றாட அமுதுக்கு மட்டும் மண்ணை விடாமல் வைத்திருக்கிறது. நாள்தோறும் புதுப்பானை வேண்டும் என்ற ஏற்பாடு, கோயிலைச் சார்ந்த குயவருக்கு முடிவற்ற வேலையைத் தந்தது. கலத்தை நீடித்து உழைக்கச் செய்யும் எந்தப் புதுமைக்கும் அந்த வேலையில் இடமில்லாமலும் செய்தது. ஒருநாள் வாழ்ந்து மண்ணோடு மண்ணாகும் பானைக்குக் கண்ணாடிப் பூச்சு வேண்டியதில்லை. பூசினால் அது மண்ணாவதும் இல்லை.

பூச்சை வேண்டிய பொருள்கள் வேறு: உப்பும், புளிப்பும், எண்ணெயும். உப்புநீர் பூச்சற்ற பானையின் துளைகளில் ஏறி வெளிப்பக்கத்தில் படிகமாகப் பூத்து, மேல்தோலைப் பொருக்குப் பொருக்காக உதிர்த்துவிடும். அதனால் ஆவக்காயும் உப்பு நாரத்தையும் வடுமாங்காயும் பீங்கான் ஜாடியில்தான் நிலைத்தன. மேற்பாதி தேன்பழுப்பும் கீழ்ப்பாதி வெண்மையுமாக உள்ள அந்த ஜாடியின் இரு நிறமும் ஒரே சூட்டில் உருகும் இருவேறு பூச்சுகளிலிருந்து வருபவை. பழுப்பில் இருப்பது இரும்பு. திருவரங்கத்து மாடவீதி வீடுகளின் பரணில் பெரியதும் சிறியதுமாக வரிசையில் நின்ற இந்த ஜாடிகள் ஆலைகளிலிருந்து கடைக்கு வந்தவை. பூச்சுக்கான தேவை எழுந்த இடத்தில் அதை நிறைவேற்றியது உள்ளூர்ச் சக்கரம் அன்று என்பது, இந்த வரலாற்றில் வருத்தத்தோடு குறிக்க வேண்டிய செய்தி.

தமிழ்நாட்டில் கையால் வனைந்த கலத்தில் பூச்சைச் சோதித்துப் பார்த்தவர்கள் இல்லாமலில்லை. அவர்கள் செய்தவற்றில் மதுரைக் கூசாவைப்போல் நுட்பமானது வேறில்லை. 1880இல் இந்தியக் கைத்தொழில்களைப் பற்றி நூல் எழுதிய ஜார்ஜ் பேர்ட்வுட் அதை விவரித்திருக்கிறார்: உருண்ட வயிறும் நீண்ட கழுத்தும் உடைய நீர்க்கலம், வயிற்றின் வெளிச்சுவர் துளையிட்டுப் பின்னலாகச் செய்யப்பட்டிருக்கும், அதற்குள்ளே காற்றுப் புழங்கும்படி இடைவெளி விட்டுப் பூச்சற்ற இன்னொரு கலம் இருக்கும். வெளிச்சுவருக்குக் கரும்பச்சை அல்லது பொன்பழுப்புப் பூச்சு. உட்கலம் கசிந்து குளிர்கிறது, வெளிக்கலம் பளபளத்து அழகு செய்கிறது. தண்ணீர்ப்பானைக்கும் கண்ணாடிப் பூச்சுக்கும் உள்ள பகையைத் தமிழ்க் குயவர் தெளிவாக உணர்ந்திருந்தனர் என்பதற்கும், இரண்டையும் ஒரே கலத்தில் வாழவைக்கும் வழியைக் கண்டனர் என்பதற்கும் இதைவிடச் சான்று வேண்டியதில்லை. வேலூருக்கு அருகிலுள்ள கரிகிரியிலும் பச்சை, நீலம், மஞ்சள், பழுப்புப் பூச்சுடைய கலங்கள் செய்யும் மரபு உண்டு. அரசாங்கத்தின் பக்கத்தில், மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டர் 1850இல் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளி, மாகாணத்தின் களிமண்களை வரவழைத்துச் சோதித்து ஓடுகளும் பாண்டங்களும் செய்து பார்த்தது. 1855இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. இருபதாம் நூற்றாண்டில் ராணிப்பேட்டையில் பாரி நிறுவனத்தின் ஆலையும், விருத்தாசலத்தில் அரசின் செராமிக் கல்விக்கூடமும் தொழிற்பேட்டையும் எழுந்தன.

இவற்றில் எதுவும் திருச்சிராப்பள்ளிக்கு வரவில்லை என்பது விந்தையே, ஏனெனில் பூச்சுக்கு வேண்டிய கனிமங்கள் பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் தரைக்கடியில் நிறைந்து கிடக்கின்றன. நிலவியலாளர் எச்.எஃப். பிளான்ஃபோர்டு 1850களின் இறுதியில் தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களின் பாறைகளை ஆராய்ந்து, கடல் உயிரிகளின் புதைபடிவங்கள் செறிந்த ஊட்டத்தூர் வட்டாரத்தின் அடுக்குகளை விவரித்தார். அந்தக் கடலடி அடுக்குகளுக்கும் கீழே, தொல்செடிகளின் இலைப்பதிவுகளைத் தாங்கிய தெரணி வெண்களிமண் படிந்துள்ளது. 1995இல் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தபின் தெரணி அந்தப் பக்கம் போனது. கல்லக்குடியில் டால்மியா சிமென்ட் ஆலையை எழுப்பிய சுண்ணாம்புக்கல், பூச்சுக்கு இளக்கி. கரூர் வட்டாரத்தில் வெட்டப்படும் ஃபெல்ஸ்பார் என்னும் வெளிர்நிறக் கல்லில் சிலிக்காவும் அலுமினாவும் பொட்டாஷும் ஏறக்குறைய ஆயத்தமாகக் கலந்திருப்பதால், அதுவே பாதிப் பூச்சு. காவிரி வண்டலோ, இரும்பும் இளக்கிகளும் கலந்த நுண்மண். சிவந்த பானையாக வேகும் அதே வகை மண், வெப்பத்தை மேலும் மேலும் ஏற்றினால் உருக்குலைந்து, முடிவில் பழுப்புக் கண்ணாடியாகவே உருகிவிடும்.

நெல் வட்டாரத்துக்கே உரிய இன்னொரு பொருள் உமிச்சாம்பல். நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சி உமியில் சேர்ப்பதால், நன்றாக எரிந்து வெளுத்த உமிச்சாம்பலில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அளவுக்குச் சிலிக்காவே இருக்கிறது. ஜப்பானின் மாஷிகோவில் ஹமாதா ஷோஜி போன்றோர் இந்தச் சாம்பலோடு மரச்சாம்பலும் ஃபெல்ஸ்பாரும் சேர்த்துப் பால்வெண்மையான ‘நுகா’ பூச்சைச் செய்தனர். ஜப்பானில் தொழில் பயின்ற டெபோரா ஸ்மித்தும், கலிபோர்னியாவில் பயின்ற ரே மீக்கரும் 1971இல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டக் கூடத்தைத் தொடங்கியபோது, உயர்வெப்பப் பூச்சுக் கலை தமிழ்க் கடற்கரையில் முதன்முறையாகப் பயிற்சியாக நிலைகொண்டது. சவுக்கு விறகால் எரியும் சூளையும், உள்ளூர் மண்ணும், அங்கே பயின்று வெளியே போன மாணவர்களும் புதுச்சேரியையும் ஆரோவில்லையும் இந்தியாவின் முக்கியமான மட்கல மையமாக்கினர்.

இத்தகைய கூடத்தில் ஒரு பூச்சு உருவாகும் விதம் பொறுமையைக் கேட்பது. ஒருமுறை சுட்ட சிறு வில்லைகளை வரிசையாக எடுத்துக்கொண்டு, முதல் வில்லைக்கு முழுக்க ஒரு கலவை, கடைசி வில்லைக்கு முழுக்க மற்றொரு கலவை, இடையில் உள்ளவற்றுக்குப் பத்துக்குப் பத்தாகக் கூட்டியும் குறைத்தும் கலந்த விகிதங்கள் என்று பூசி, ஒவ்வொன்றின் பின்புறத்திலும் இரும்புக்காவியால் எண்ணிட்டுச் சூளையில் வைப்பார்கள். கூடவே, ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்மன் சேகர் 1886இல் வடிவமைத்த கூம்புகளும் வைக்கப்படும். குறித்த வெப்பத்தில் தலைசாயும்படி செய்யப்பட்ட இந்தச் சிறு கூம்புகளைச் சூளையின் துளைவழியே பார்த்து, வெந்த பதம் அறியப்படும். வெளியே எடுக்கும் வரிசையில் ஒரு முனை சாம்பல் பொருக்காக உருகாமல் நிற்கும், மறுமுனை வழிந்து தட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். நடுவில் ஓரிரு வில்லைகளே பயன்படும். அவற்றிலும் பூச்சு மண்ணைவிட அதிகமாகச் சுருங்கியிருந்தால் சிலந்திவலையாக நுண்வெடிப்பு ஓடும், குறைவாகச் சுருங்கியிருந்தால் விளிம்பில் சில்லுச் சில்லாகப் பெயரும்.

காவிரிக்கரைக் குயவர் தம் பழைய சூளையிலேயே இந்தச் சோதனையைச் செய்ய முனைந்தால் எதிரே நிற்கும் தடை ஈயம். குறைந்த சூட்டில் மிக எளிதாக உருகி, மிகுந்த பளபளப்பைத் தரும் இளக்கி அதுவே. உலகின் பல பகுதிகளில் நாட்டுப்புறக் கலங்கள் நூற்றாண்டுகளாக அதையே நம்பின. ஆனால் சரியாக வேகாத ஈயப் பூச்சை அமிலம் அரித்துக் கரைக்கும், கரைந்த ஈயம் உணவில் கலந்து நரம்பையும் குருதியையும் கெடுக்கும், குழந்தைகளுக்கு அதன் கேடு மிகப் பெரிது. புளியும் தக்காளியும் எலுமிச்சையும் மோரும் இல்லாத தமிழ்ச் சமையல் கிடையாது என்பதால், ஈயப் பூச்சுடைய குழம்புச்சட்டி இங்கே மிக விரைவாக நஞ்சாகும். ஆகவே திருச்சிராப்பள்ளியில் கண்ணாடிப் பூச்சு உணவுக்கலத்தில் ஏற வேண்டுமானால், அது ஈயமில்லாமல், தெரணிக் களிமண்ணும் ஃபெல்ஸ்பாரும் உமிச்சாம்பலும் 1,200 பாகைக்கு மேல் உருகும் சூளையில்தான் ஏற முடியும். அத்தகைய சூளையைக் கட்டுவதும் எரிப்பதும் ஒரு தனிக்குடும்பத்தின் வருவாய்க்கு எட்டாதவை. கூட்டுறவுச் சங்கமோ அரசின் தொழிற்கூடமோ பொதுச்சூளை ஒன்றை அமைத்தாலொழிய, வட்டாரத்தின் வெண்களிமண் தொடர்ந்து லாரிகளில் வெளியூர் ஆலைகளுக்கே போய்க்கொண்டிருக்கும்.